வீட்டில் பழ மஃபின்: கோதுமை மாவும் நாட்டுச்சர்க்கரையும் போட்டால் போதுமா?

9 ஜூன் 2024, காலை

வந்த கேள்வி இது:

"மைதா, வெள்ளைச் சர்க்கரை, வெண்ணெய் மூன்றையும் நிறுத்திவிட்டேன். பதிலுக்குக் கோதுமை மாவு, நாட்டுச்சர்க்கரை, தேங்காய் எண்ணெய். அளவு எதையும் மாற்றவில்லை. வாழைப்பழ மஃபின் மேலே பாளமாக வெடித்தது, நடுவில் களியாக நின்றது, மறுநாள் தொண்டையில் இறங்கவில்லை. உடம்புக்கு நல்லது என்றால் ருசி இருக்காது என்று ஏற்றுக்கொள்ள வேண்டியதுதானா?"

வேண்டியதில்லை. ஆனால் இப்போது செய்திருப்பது உடம்புக்கு நல்லதும் இல்லை. கணக்கைப் பாருங்கள். வழக்கமான வாழைப்பழ மஃபினுக்கு மைதா ஒன்றரை கப், சர்க்கரை முக்கால் கப், வெண்ணெய் மூன்றில் ஒரு பங்கு கப், முட்டை ஒன்று, பெரிய வாழைப்பழம் மூன்று. பன்னிரண்டு மஃபின் வரும். முக்கால் கப் சர்க்கரை 150 கிராம். தலைக்குப் பன்னிரண்டரை கிராம். அந்த இடத்தில் 150 கிராம் நாட்டுச்சர்க்கரையைக் கொட்டினாலும் தலைக்கு அதே பன்னிரண்டரை கிராம்தான். நிறமும் வாசனையும் மாறும், கொஞ்சம் இரும்புச்சத்து சேரும். இரத்தச் சர்க்கரைக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றே.

உலகச் சுகாதார நிறுவனம் 2015-இல் சொன்ன வரம்பு: சேர்க்கும் சர்க்கரை, தேன், பழச்சாறு இவற்றிலிருந்து வருவது ஒரு நாளைய மொத்த ஆற்றலில் 10 விழுக்காட்டுக்குக் கீழே, முடிந்தால் 5 விழுக்காட்டுக்குக் கீழே. இந்த 5 விழுக்காடு பெரியவர்களுக்கு ஏறக்குறைய 25 கிராம். உங்கள் மஃபின் இரண்டு தின்றால் அன்றைய கணக்கு முடிந்தது. காபிக்கு இடமில்லை.

தேங்காய் எண்ணெய் விஷயமும் அப்படித்தான். வெண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு எடையில் பாதி. தேங்காய் எண்ணெயில் 80 விழுக்காட்டுக்கு மேல். உடம்பை நினைத்து மாற்றியிருந்தால், போகக்கூடாத திசையில் போயிருக்கிறீர்கள். வாசனைக்காக மாற்றியிருந்தால் எனக்குப் பேச்சில்லை.

நீங்கள் மாற்றியதில் உருப்படியானது மாவு ஒன்றுதான். 100 கிராம் கோதுமை மாவில் நார்ச்சத்து 11 கிராமுக்கு அருகில் இருக்கும். மைதாவில் மூன்றைத் தொடாது. அதை விடாதீர்கள். மற்றதை நாம் பேசுவோம்.

9 ஜூன், இரவு

அளவு கேட்டார்கள். நான் போடுவது:

கோதுமை மாவு 180 கிராம். நன்றாகப் பழுத்த வாழைப்பழம், தோலுரித்த எடை 300 கிராம். நாட்டுச்சர்க்கரை 60 கிராம். கடலை எண்ணெய் அல்லது வாசனையில்லாத ஏதோ ஓர் எண்ணெய் 50 மில்லி. புளித்த தயிர் 80 மில்லி. முட்டை ஒன்று. பேக்கிங் பவுடர் ஒரு டீஸ்பூன், ஆப்ப சோடா அரை டீஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை, ஏலக்காய் உங்கள் இஷ்டம். பன்னிரண்டு நடுத்தர அளவு மஃபின். 180 டிகிரியில் இருபது நிமிடத்திலிருந்து பார்க்கத் தொடங்குங்கள். ஈர்க்குச்சியை நடுவில் குத்தி எடுத்தால் மாவு ஒட்டக்கூடாது. ஈரமான துகள் ஒன்றிரண்டு ஒட்டினால் பரவாயில்லை, எடுத்துவிடலாம்.

இப்போது களி எப்படி வந்தது என்பதற்கு வருகிறேன். கோதுமை மாவு மைதாவைவிட அதிகம் தண்ணீர் குடிக்கும். தவிடு ஊற நேரம் எடுக்கும் என்பது ஒரு காரணம். கல்லில் அரைபடும்போது மாவுச்சத்துத் துகள்கள் உடைபடுவது இன்னொரு காரணம். உடைந்த துகள் கூடுதலாக நீரை இழுக்கும். சப்பாத்தி மிருதுவாக வருவது இதனால்தான். மஃபினில் இதே குணம் காலை வாரும்: ஊறாத தவிடு அடுப்புக்குள் போன பிறகு கலவையின் ஈரத்தை உறிஞ்சும், மேல்பகுதி வறண்டு வெடிக்கும், நடுப்பகுதி எழும்பாமல் அமுங்கி நிற்கும்.

ஆகவே ஊற வையுங்கள். மாவு, தயிர், மசித்த பழம், எண்ணெய், முட்டை, நாட்டுச்சர்க்கரை, பேக்கிங் பவுடர் எல்லாவற்றையும் ஈரமாகும் அளவுக்கு மட்டும் கலந்து அரை மணி நேரம் மூடி வைக்க வேண்டும். ஆப்ப சோடாவை அப்போது போடக்கூடாது. அது தயிரின் புளிப்பைக் கண்டதும் நுரைத்து, அடுப்பு சூடாகும் முன்பே வேலையை முடித்துவிடும். ஆப்ப மாவுக்குச் செய்வதுபோல் கடைசியில் ஒரு ஸ்பூன் தண்ணீரில் கரைத்து ஊற்றி, அகப்பையால் ஏழெட்டுத் தடவை புரட்டிவிட்டு உடனே அச்சில் விடுங்கள். பேக்கிங் பவுடர் காத்திருக்கும். கடையில் கிடைப்பவை பெரும்பாலும் சூட்டில் இரண்டாம் முறை வேலை செய்யும் வகை.

கிண்டாதீர்கள். கட்டி இருந்தால் இருக்கட்டும். கேக் செய்து பழகிய கைக்கு இது பொறுக்காது, மழமழவென்று வரும்வரை அடிக்கத் தோன்றும். அடித்தால் மாவின் பசையம் (குளூட்டன்) இறுகி, வெட்டிப் பார்க்கையில் உள்ளே மேல்நோக்கி நீளநீளமாகப் பொந்துகள் தெரியும்.

10 ஜூன்

எண்ணெயே இல்லாமல் செய்ய முடியாதா? முடியும். கடித்தால் பல்லுக்கு வேலை, மறுநாள் தாடைக்கு வலி. எண்ணெய் மாவுத் துகளைச் சுற்றிப் படிந்து பசையம் இழைவிடாமல் தடுக்கிறது. மிருது அங்கிருந்துதான் வருகிறது. 50 மில்லியை 30 ஆக்கலாம், குறைந்ததற்குத் தயிரைக் கூட்டிக்கொள்ளலாம். அதற்குக் கீழே நான் போகமாட்டேன்.

10 ஜூன், சற்றுப் பிறகு

கலோரி கேட்டவருக்கு: பழைய முறையில் ஒன்று ஏறத்தாழ 180. என் அளவில் 135 அருகில். வித்தியாசம் அவ்வளவுதானா என்று முகம் சுளிக்க வேண்டாம். சேர்த்த சர்க்கரை பன்னிரண்டரை கிராமிலிருந்து ஐந்துக்கு வந்திருக்கிறது, நார்ச்சத்து கூடியிருக்கிறது. அதோடு இது கைக்குள் அடங்கும் மஃபின். கடைகளில் காகிதக் கிண்ணத்துக்கு மேலே குடை விரித்து நிற்பதை எடை போட்டுப் பாருங்கள், பல 100 கிராமைத் தாண்டும். அதில் ஒன்று, இதில் இரண்டுக்குச் சமம்.

13 ஜூன்

எந்த வாழைப்பழம் என்று கேட்டிருக்கிறார் ஒருவர். திருச்சிக்காரனிடம் கேட்கக்கூடாத கேள்வி. இங்கே வாழைக்கென்றே ஒரு தேசிய ஆராய்ச்சி மையம் 1993-லிருந்து இருக்கிறது. சமையல் குறிப்புகளோ "வாழைப்பழம் 3" என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகின்றன. எந்த வாழை? மூன்று மலைவாழையும் மூன்று மோரிஸும் எடையில் ஒன்றா?

மோரிஸ், அதாவது நீளமான பச்சைப்பழம், வெளிநாட்டுக் குறிப்புகளுக்கு நெருங்கியது. மேலைநாட்டுக் கடைகளில் விற்பதும் அதே குடும்பம். தோலில் கரும்புள்ளி நிறைந்த பிறகுதான் அதில் இனிப்பு ஏறும். புள்ளி இல்லாத பழத்தில் மாவுச்சத்து இன்னும் முழுதாகச் சர்க்கரையாக மாறியிருக்காது; அதைப் போட்டுவிட்டு இனிப்புப் போதவில்லை என்று சர்க்கரை டப்பாவைத் திறப்பார்கள்.

பூவன் என் தேர்வு. லேசான புளிப்பு இருக்கிறது. அந்தப் புளிப்பு சோடாவோடு சேர்ந்து மஃபினை எழுப்பும், சர்க்கரை குறைவாக இருப்பது தெரியாமல் நாக்கை விழிக்க வைக்கும். விலையும் மலிவு. எங்கள் தெருமுனைத் தள்ளுவண்டிக்காரர் சாயங்காலம் காம்பு விட்டுப்போன பூவனைத் தனியாகக் கூடையில் தள்ளி வைப்பார், தோல் கறுத்து, அடிப்பக்கம் தேன் கசிந்து, மேலே குளவி சுற்றும். யாரும் சீந்தாத அந்தக் கூடைக்கு நான்தான் வாடிக்கை.

ரஸ்தாளி வாசனைக்கு நிகரில்லை. ஆனால் சில பழங்களில் நடுவே கட்டையாக இருக்கும், எவ்வளவு பழுத்தாலும் மசியாது. மஃபினைக் கடிக்கையில் அந்தக் கட்டை அகப்பட்டால் வேகாத மாவு என்று நினைத்து அடுப்பைத் திட்டுவீர்கள். மசித்த பிறகு விரலால் ஒருமுறை துழாவிக் கட்டியைப் பொறுக்கிவிடுங்கள்.

கற்பூரவல்லி இருப்பதிலேயே நல்ல இனிப்பு, பிசுபிசுப்பும் அதிகம். இதைப் போட்டால் நாட்டுச்சர்க்கரையை 60-லிருந்து 30 கிராம்வரை குறைக்கலாம். நேந்திரத்தை அப்படியே மசித்தால் திடமாக இருக்கும். தோலோடு ஆவியில் வேக வைத்து, தயிரை ஒரு கை கூட்டிப் போட வேண்டும். செவ்வாழையை மஃபினில் போடுகிறவர்களுக்குப் பணம் அதிகம். மலைவாழை? சிறுமலைப் பழத்தை அடுப்பில் வைக்க எனக்கு மனம் வராது. அது கையில் வைத்துத் தின்ன வேண்டிய பழம்.

எண்ணிக்கையை விடுங்கள், தராசில் போடுங்கள். தராசு இல்லையென்றால் மசித்த பழம் ஒரு கப்பும் கால் கப்பும்.

14 ஜூன்

ஏலக்கி என்ற குட்டி வாழைப்பழம் விட்டுப்போயிற்று என்று பெங்களூரிலிருந்து கோபம். போடலாம். உரித்து முடிப்பதற்குள் அடுப்பு இரண்டு முறை சூடாகிவிடும்.

22 ஜூன்

நாவல்பழம் வந்துவிட்டது. வெளிநாட்டுக் குறிப்பில் புளூபெர்ரி என்று இருக்கும் இடத்தில் நாவல் போடலாமே என்று யாருக்கும் தோன்றும். கொட்டை நீக்கி நறுக்கிப் போட்டேன். கலவையில் ஊதா நரம்போடி அழகாகத்தான் இருந்தது. வெந்து வந்தபோது துண்டைச் சுற்றிச் சாம்பல் பச்சை. அக்காள் மகன் ஒரு கடி கடித்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, பூசணம் பிடித்துவிட்டது என்று தட்டை நகர்த்தினான். அவனைச் சமாதானப்படுத்த முடியவில்லை, பார்த்தால் பூசணம் போலவேதான் இருந்தது.

பூசணம் இல்லை. நாவல், திராட்சை, புளூபெர்ரி போன்றவற்றின் ஊதாவுக்குக் காரணம் ஆந்தோசயனின் என்ற நிறமி. புளிப்பில் அது சிவக்கும், காரத்தில் நீலமும் பச்சையுமாகத் திரும்பும். ஆப்ப சோடா காரம். தயிரின் புளிப்பு தின்றுமுடிக்காமல் மிஞ்சிய சோடா பழத்துண்டைச் சுற்றிப் படிந்தால் இந்த நிறம். சாப்பிடலாம், கெடுதல் இல்லை.

நாவல் போடும் நாளில் ஆப்ப சோடாவை நிறுத்திவிட்டுப் பேக்கிங் பவுடரை ஒன்றரை டீஸ்பூனாக்குங்கள். தயிர் நன்றாகப் புளித்திருக்கட்டும். பழத்தைக் கடைசியில் மேலே தூவி ஒரே ஒரு புரட்டு. நிறம் ஒயின் சிவப்பாக நிற்கும். துவர்ப்பும் அடங்கும்.

நாவல் சர்க்கரை நோய்க்கு மருந்து என்று மாமா அன்று நான்கு சாப்பிட்டார். மாவை மறந்துவிட்டார்.

23 ஜூன்

இதன் தொடர்ச்சியாக: சூரியகாந்தி விதை போட்டால் உள்ளே பச்சைப் புள்ளி வருகிறது என்றார் ஒருவர். அதுவும் சோடாவின் கைங்கரியம். அதில் இருப்பது குளோரோஜெனிக் அமிலம், நிறமி வேறு, மருந்து ஒன்றுதான்: சோடாவைக் குறையுங்கள். பூசணி விதைக்கு மாறிக்கொண்டால் புள்ளியைப் பற்றிக் கவலையே வேண்டாம், அது முதலிலேயே பச்சை.

3 ஜூலை

சர்க்கரைக்கு மூன்று விதமான யோசனைகள் வந்திருக்கின்றன. வரிசையாகத் தீர்த்துவிடுகிறேன்.

தேன். அடுப்பில் வைத்தால் தேனின் வாசனை பெரும்பகுதி போய்விடும், சர்க்கரை மட்டும் மிஞ்சும். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கில் தேனும் சேர்த்த சர்க்கரையோடுதான் நிற்கிறது. நல்ல மலைத்தேன் கிடைத்தால் ஸ்பூனில் சாப்பிடுங்கள்.

பேரீச்சம்பழம். இதில் எனக்கு இரண்டு மனம். ஊற வைத்து அரைத்துப் போட்டால் ருசி பிரமாதம், நார்ச்சத்தும் உண்டு, ஈரமும் நிற்கும். ஆனால் "சர்க்கரை சேர்க்காதது" என்று மார்தட்டுகிறார்களே, அங்கே இடிக்கிறது. பேரீச்சையின் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரைதான். பிரிட்டனில் அரைத்துக் கூழாக்கிய பழத்தின் சர்க்கரையையும் ஒதுக்க வேண்டிய பட்டியலில்தான் வைக்கிறார்கள்; பழத்தின் கட்டுக்கோப்பு உடைந்துவிட்டால் அது வேகமாக இரத்தத்தில் சேரும் என்பது அவர்கள் வாதம். அந்தக் கணக்கில் பார்த்தால் என் மசித்த வாழைப்பழமும் அகப்படும். யோசித்துப் பார்த்தேன். அதனால் இப்போது மொத்தப் பழத்தில் மூன்றில் ஒரு பங்கை மசிக்காமல் துண்டாகவே போடுகிறேன். கடிக்கவும் நன்றாக இருக்கிறது. 9-ஆம் தேதி எழுதிய அளவை இப்படித் திருத்தி வாசித்துக்கொள்ளுங்கள்: 200 கிராம் மசித்தது, 100 கிராம் நறுக்கியது, தயிர் இன்னும் இரண்டு ஸ்பூன்.

ஸ்டீவியா, சுக்ரலோஸ் வகையறா, அதாவது சர்க்கரை இல்லாத இனிப்பூட்டிகள். உலகச் சுகாதார நிறுவனம் 2023 மே மாதம், எடையைக் கட்டுப்படுத்த இவற்றை நம்ப வேண்டாம் என்று வழிகாட்டுதல் வெளியிட்டது. நீரிழிவு உள்ளவர்களை அந்தப் பரிந்துரையில் சேர்க்கவில்லை. அவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளட்டும். என் குறை வேறு. மஃபினில் சர்க்கரைக்கு இனிப்பைத் தவிர வேறு வேலைகளும் உண்டு: ஈரத்தைப் பிடித்து வைப்பது, மேலே பொன்னிறம் கொடுப்பது, மாவு இறுகுவதைத் தள்ளிப்போடுவது. ஒரு சிட்டிகை ஸ்டீவியா இதில் எதையும் செய்யாது. வெளிறிப்போன, உடனே உலரும் பண்டம் ஒன்று வரும்.

சர்க்கரையை எவ்வளவு குறைக்கலாம்? எந்தக் குறிப்பாக இருந்தாலும் மூன்றில் ஒரு பங்கைக் கண்ணை மூடிக்கொண்டு குறைக்கலாம், யாரும் கண்டுபிடிக்கமாட்டார்கள். பாதிக்குக் கீழே போக வேண்டுமென்றால் ஈரத்துக்கு வேறு ஆளை வைக்க வேண்டும், அதாவது பழத்தையும் தயிரையும் கூட்ட வேண்டும். பழம் போதுமான அளவு இல்லாமல் சர்க்கரையை மட்டும் வெட்டுகிறவர்கள்தான் கல் கல் என்று புலம்புகிறார்கள்.

4 ஜூலை

"என் அம்மாவுக்குச் சர்க்கரை நோய், கொடுக்கலாமா?" ஒரு மஃபினில் மாவும் பழமும் நாட்டுச்சர்க்கரையும் சேர்த்து மாவுச்சத்து வகை சுமார் 20 கிராம். ஏறக்குறைய இரண்டு சின்ன இட்லி. சாப்பாட்டில் அந்த அளவைக் கழித்துவிட்டுக் கொடுத்தால் ஒரு கதை. இரண்டு இட்லியும் தின்று இதையும் தின்றால் வேறு கதை. முடிவை அவருடைய மருத்துவரும் குளுக்கோமீட்டரும் சொல்லட்டும். கோதுமை மாவில் செய்தது என்பதற்காக யாருக்கும் விலக்கு இல்லை.

12 ஜூலை

அன்னாசி போட்டவருக்குக் கசந்ததாம். கலவையை அரை மணி ஊறவும் வைத்தாராம், நான் சொன்னபடி.

ஊற வைப்பது வாழைக்கும் நாவலுக்கும் சரி, பச்சை அன்னாசிக்கு ஆகாது. அன்னாசியில் புரோமலைன் என்ற நொதி இருக்கிறது, புரதத்தை உடைக்கும். தயிரின் புரதத்தை அரை மணி நேரம் அதன் கையில் கொடுத்தால் உடைந்த துண்டுகள் கசக்கும். பப்பாளியும் இதே வேலையைச் செய்யும், நொதியின் பெயர் பப்பைன். சூட்டில் இரண்டும் செத்துவிடும் என்பதால் வழி சுலபம்: நறுக்கிய அன்னாசியை வாணலியில் போட்டு அதன் சாற்றிலேயே ஐந்தாறு நிமிடம் கொதிக்கவிட்டு, ஆறிய பிறகு சேருங்கள். சாறு சுண்டுவதால் இனிப்பும் ஏறும். டப்பாவில் வருவது ஏற்கனவே சூடு கண்டது, கசக்காது. பாகில் மிதப்பதை வாங்கினால் வடித்துவிடுங்கள்.

மாம்பழத்தைப் பற்றியும் சிலர் கேட்டார்கள். சுட்ட மாம்பழம் தன் வாசனையில் பாதியை அடுப்புக்குக் காணிக்கை கொடுத்துவிடுகிறது. அல்போன்சாவோ இமாம்பசந்தோ இருந்தால் அப்படியே வெட்டித் தின்றுவிடுங்கள். பலா நன்றாக வரும், பொடியாக நறுக்கினால். நீளமாகக் கிழித்துப் போட்டால் நார் பல்லில் சிக்கும்.

20 ஜூலை

ஓ.டி.ஜி. என்ற மின்சார அடுப்புப் பெட்டி இல்லாதவர்களுக்கு.

குக்கரில் செய்யலாம்: விசிலும் ரப்பர் வளையமும் கழற்றி, அடியில் ஒரு அடுக்கு உப்பு கொட்டி, மேலே ஒரு தாங்கி வைத்து, காலியாகப் பத்து நிமிடம் சூடாக்கி, பிறகு சின்னக் கிண்ணங்களில் மாவு விட்டுச் சிறு தீயில் முப்பது நிமிடம் அளவு. தண்ணீர் இல்லாமல் சூடேற்றுவதைச் சில குக்கர்களின் கையேடே வேண்டாம் என்கிறது. உங்களுடையதைப் படித்துவிட்டு இறங்குங்கள். கனமான பழைய அலுமினியப் பாத்திரமும் அழுத்தமான மூடியும் இருந்தால் குக்கரைப் பாழாக்கத் தேவையே இல்லை. மேலே சிவக்காது, அதை மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

பணியாரச் சட்டியில் செய்யலாமா? செய்தால் அது பணியாரம். என் அம்மா இதை முதலில் பார்த்தபோதே சொன்னதும் அதுதான்: கோதுமை மாவு, வாழைப்பழம், வெல்லம், ஏலக்காய், இதற்கு எதற்கு இவ்வளவு பெரிய பெட்டி, இத்தனை கரண்ட். எதிர்த்துப் பேச எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. குழிக்கு அரை ஸ்பூன் நெய் என்று அவர் ஊற்றுவதைப் பார்த்த பிறகு ஒன்று கிடைத்தது, சொல்லவில்லை.

மின்தடை பற்றி: பாதியில் போனால் கதவைத் திறக்காதீர்கள். பத்து நிமிடத்துக்கு மேல் வெந்திருந்தால் உள்ளே இருக்கும் சூடே பெரும்பாலும் முடித்துக் கொடுத்துவிடும். ஐந்தாம் நிமிடத்தில் போனால் சட்டி, நெய், அம்மா.

4 ஆகஸ்ட்

டூட்டி ஃப்ரூட்டி போட்டால் அதுவும் பழ மஃபின்தானே என்று கேட்டிருக்கும் அன்பருக்கு: அது பப்பாளிக்காய். பழம்கூட இல்லை, காய். சதுரமாக நறுக்கி, வேக வைத்து, சர்க்கரைப் பாகில் ஊறவிட்டு, சிவப்பு, பச்சை, மஞ்சள் சாயம் ஏற்றியது. பப்பாளியிடம் இருந்த நல்லதெல்லாம் முதல் வேக்காட்டிலேயே பெரும்பாலும் விடைபெற்றுக்கொண்டுவிடும். சின்ன வயதில் பேக்கரி கண்ணாடிக்கு வெளியே நின்று அதற்கு ஏங்கியவன்தான் நானும். ஏக்கம் வேறு, நார்ச்சத்து வேறு.

அதே அன்பரின் இரண்டாவது யோசனை எனக்குப் பிடித்தது: பழநி பஞ்சாமிர்தம். விருப்பாச்சி மலைவாழை, நாட்டுச்சர்க்கரை, பேரீச்சை, கற்கண்டு, நெய், தேன், ஏலக்காய் எல்லாம் அதில் தயார். 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய பண்டம் வேறு. 60 கிராம் நாட்டுச்சர்க்கரையை முழுக்க எடுத்துவிட்டு நான்கு மேசைக்கரண்டி பஞ்சாமிர்தம் போட்டேன், எண்ணெயில் ஒரு ஸ்பூன் குறைத்தேன். வாசனைக்கு வேறொன்றும் தேவைப்படவில்லை. கற்கண்டு சில இடத்தில் முழுதாகக் கரையாமல் நின்று கடிபட்டது, அது குறையாகத் தெரியவில்லை. பிரசாதத்தை அடுப்பில் வைக்கலாமா என்பதை அவரவர் வீட்டில் கேட்டுக்கொள்ளுங்கள். என் வீட்டில் கேட்காமல் செய்தேன்.

19 ஆகஸ்ட்

பூசணம், இந்த முறை நிஜமானது. மூன்றாம் நாள் டப்பாவைத் திறந்தால் பஞ்சு பஞ்சாக இருக்கிறது என்று சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் எழுதியிருக்கிறார்கள்.

சர்க்கரை ஈரத்தைக் கட்டிப் போடும், பூசணத்துக்கு விடாது. நாம் சர்க்கரையைப் பிடுங்கிவிட்டு ஈரமான பழத்தைத் திணித்திருக்கிறோம். கடலோர ஊரின் புழுக்கத்தில் இது வெளியே ஒரு நாள், அதிகம் போனால் ஒன்றரை நாள். மறுநாள் காலை மேல்தோல் பிசுபிசுக்கத் தொடங்குவதே அறிகுறி. ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் பூசணம் தாமதமாகும், ஆனால் அந்தக் குளிரில் மாவுச்சத்து சீக்கிரம் இறுகி மஃபின் வறண்டுவிடும்.

முழுதாக ஆறவிட்டு, தனித்தனியாகச் சுற்றி, ஃப்ரீசரில் வைப்பதே சரி. வேண்டும்போது காகிதத்தை உரித்து இட்லிப் பானையில் நான்கைந்து நிமிடம் ஆவி காட்டுங்கள். மைக்ரோவேவைவிட இது நன்றாக இருக்கிறது. அதில் சூடு செய்தது ஆறியதும் விறைக்கும். ஆவியில் செய்தது ஆறினாலும் தாங்குகிறது.

காகிதத்தில் ஒட்டிக்கொண்டு பாதி மஃபின் போய்விடுகிறது என்ற புகாரும் வந்தது. எண்ணெய் குறைந்தால் ஒட்டும். சூடாக இருக்கும்போது உரிக்காதீர்கள். அச்சில் நேரடியாக எண்ணெய் தடவி மாவு விடுவது இன்னும் நல்லது, ஒரு குப்பையும் குறையும்.

25 ஆகஸ்ட்

கேழ்வரகு. மூன்றில் ஒரு பங்குவரை கோதுமைக்குப் பதிலாகப் போடலாம். 100 கிராமில் கால்சியம் 300 மில்லிகிராமுக்கு மேல், அந்த ஆசையில் முழுக்கக் கேழ்வரகில் செய்தால் பசையம் இல்லாததால் உதிர்ந்துவிடும், இன்னொரு முட்டை வேண்டியிருக்கும். வறுத்து அரைத்த மாவு என்றால் நறநறப்பு குறைவு. சப்போட்டாவோடு இது நன்றாகச் சேர்கிறது. இரண்டுக்கும் ஒரே நிறம், சாக்லேட் என்று சொல்லிக் குழந்தைகளிடம் தள்ளிவிடலாம். அந்தப் பொய் ஒரு வாரம் செல்லுபடியாகும்.

முட்டை வேண்டாதவர்கள் ஆளிவிதைப் பொடி ஒரு மேசைக்கரண்டியை மூன்று மேசைக்கரண்டித் தண்ணீரில் பத்து நிமிடம் ஊற வைத்துப் போடலாம். கோதுமையில் மட்டும். கேழ்வரகில் அது தாங்காது.

8 செப்டம்பர்

நேற்றுப் பிள்ளையார் சதுர்த்தி. இன்று எல்லோர் வீட்டிலும் கொய்யா, விளாம்பழம், பேரிக்காய், ஆப்பிள், யாருக்கும் வேண்டாத சோளக்கதிர். என்ன செய்வது என்று காலையிலிருந்து கேட்கிறார்கள்.

ஆப்பிளையும் பேரிக்காயையும் தோலோடு துருவிப் பிழியாமல் 200 கிராம் போடுங்கள், வாழைப்பழம் 100 கிராம் துணைக்கு. வாழை இல்லாமல் இனிப்பு எட்டாது. பட்டைத்தூள் அரை டீஸ்பூன்.

விளாம்பழத்தை நாட்டுச்சர்க்கரையில் பிசைந்து தின்று முடியுங்கள். மஃபினில்தான் போடுவேன் என்றால் விதை போகச் சல்லடையில் தேய்த்து எடுத்த கூழ் மூன்று ஸ்பூன், தயிரை அந்த அளவுக்குக் குறைத்து. புளிப்பு தூக்கலாக இருக்கும், சிலருக்குப் பிடிக்கும்.

கொய்யாவில் விதைதான் தொல்லை. அடுப்பில் வெந்தாலும் அது இளகாது. நான்காகப் பிளந்து, நடுவில் இருக்கும் விதைப் பகுதியை ஸ்பூனால் வழித்து, அதைத் தயிரோடு மிக்சியில் லேசாகச் சுற்றி வடிகட்டினால் விதை மேலே நின்று, வாசனையெல்லாம் தயிரில் இறங்கிவிடும். அந்தத் தயிரையே அளவுத் தயிராகப் பயன்படுத்தலாம். சதைப்பகுதியைப் பொடியாக நறுக்கி, ஒரு சிட்டிகை மிளகாய்த்தூள் பிரட்டிக் கலவையில் சேருங்கள். சிவப்புக் கொய்யா என்றால் இன்னும் நல்லது. 180 டிகிரி, இருபத்து மூன்று நிமிடம்.